எட்டாவது சாப்ஸ்

— கறித்துண்டை உப்புத்தண்ணியில இருந்து எடுத்துத் துடைன்னுதான் சொன்னேன், டெய்லரம்மா. தாலாட்டச் சொல்லல.

— துடைச்சுக்கிட்டுத்தானே இருக்கேன். கட்டில்ல படுத்துக்கிட்டு அதிகாரத்தைப் பாரு!

— கட்டிலை அடுப்படி வாசலுக்கு இழுத்துப் போட்டது யாரு? நீதானே? அப்ப அனுபவி. பன்றிக்கறியில ஈரம் இருந்தா வறுபடாது, குளிக்கும். முப்பத்தஞ்சு வருஷம் கப்பல்ல சமைச்சவன் சொல்றேன். ஒரு புயல்ல அலை மூணு மாடி உயரம். சட்டியில இருந்த சாப்ஸ் எகிறிப் போய் கேப்டனோட சட்டைப் பையில விழுந்துச்சு. மனுஷன் விடலையே! பையோட சேர்த்துக் கடிச்சுத் தின்னாரு.

— போன வாரம் சொன்னப்ப அலை ரெண்டு மாடிதான் இருந்துச்சு.

— ஏன், அலை வளரக்கூடாதா? சரி, எவ்வளவு நேரம் ஊறுச்சு?

— ஒரு மணி நேரம்.

— தண்ணியில உப்புதானே போட்ட?

— உப்புதான்.

— மூணாவது வாரமும் உப்புதான்னு சொன்ன. சோடா மாவைக் கொட்டியிருந்த. கறி நுரை தள்ளுச்சு.

— டப்பா மாறிப்போச்சு.

— அஞ்சாவது வாரம் கருகுச்சே?

— போன் வந்துச்சு.

— வரல. நீயா பக்கத்து வீட்டம்மாவுக்குப் போட்ட. காது எனக்கு இன்னும் ரிட்டயர் ஆகல.

— நாப்பது வருஷமா அடுப்புப் பக்கம் வராதவளுக்கு ஏழெட்டு வாரத்துல எல்லாம் வந்துடுமா? லீவுல வந்தா நீங்க சமைப்பீங்க. கப்பலேறிட்டா எனக்கு ரொட்டியும் முட்டையும். மிஷினை மிதிக்கச் சொல்லுங்க, மிதிக்கிறேன்.

— ஒரு காஜா கோணிப்போச்சுன்னு நூறு பள்ளிக்கூடச் சட்டையையும் பிரிச்சுத் தைச்ச கை அது. அந்தக் கைக்கு ஒரு துண்டுக் கறி அடங்காதா?

— நீங்க ஏன் அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?

— என்னைக்கு?

— டாக்டர் ஃபைலை மூடினாரே, அன்னைக்கு. இனிமே இங்க கூட்டிட்டு வர வேண்டாம், மூணு வாரம், வீட்லயே வெச்சுப் பாத்துக்குங்கன்னாரு. கார்ல நான் அழுதேன். அப்ப என்ன சொன்னீங்க?

— நீ ஒழுங்கா ஒரு சாப்ஸ் பண்ணிக் காட்டுற வரைக்கும் நான் போகமாட்டேன், எமனே வந்தாலும் வாசல்ல உக்காரச் சொல்லுவேன்னேன்.

— என் தலையில கைய வெச்சுச் சொன்னீங்க.

— உன் சமையலை நம்பித்தானே வெச்சேன்! இன்னும் நூறு வருஷம் வண்டி ஓடும்னு நினைச்சேன்.

— இது எட்டாவது வாரம்.

— ம். சட்டி காஞ்சுதா பாரு. ஒரு சொட்டுத் தண்ணி தெளி. ஆடுதா?

— ஆடுது.

— போடு! ஆஹா, கேட்டியா? ஆயிரம் பேரு எழுந்து நின்னு கைதட்டறாங்க. நாலு நிமிஷம் அதைத் தொடாதே, தள்ளாதே... ஸ்ஸ்...

— என்னங்க?

— எண்ணெய் தெறிச்சுது.

— எண்ணெய் இங்க தெறிக்குது. பல்லை நீங்க அங்க கடிக்கிறீங்க. நர்ஸ் ஒட்டிட்டுப் போன வலி மருந்து கேக்கலையா?

— காலையில கேட்டுச்சு. மத்தியானம் கைய விரிச்சுடுச்சு. திருப்பு, திருப்பு. என்ன நிறம்?

— தேக்கு மேசை நிறம்.

— ஹா! அதான் நிறம்! கொழுப்பு ஓரத்தை நிக்க வெச்சுப் பிடி. இப்ப வெண்ணெய், நசுக்கின பூண்டு. உருகினதை அள்ளி அள்ளி மேல ஊத்து. பாத்தியா, கை தானா போகுது! இன்னும் கொஞ்சம்... போதும், எடு. தட்டுல வை. அஞ்சு நிமிஷம் சும்மா கிடந்தா சாறு உள்ளயே நின்னுடும்.

— இன்னும் ரெண்டு நிமிஷம்.

— வேண்டாம்மா. இப்ப எடுத்தா பஞ்சு. வாசனையே சொல்லுது.

— ரெண்டே நிமிஷம்ங்க.

— ரெண்டு நிமிஷத்துல செருப்பு ஆயிடும்.

— ஆகட்டும்.

— தங்கம்...

— ஆகட்டும்னு சொல்றேன்ல!

— ஏழு தடவையும் வேணும்னேதான் கெடுத்தியா?

— ஆமா. முதல் வாரமே எனக்கு வந்துடுச்சு. நீங்க தூங்கினப்ப ஒண்ணு பண்ணித் தின்னும் பாத்தேன். சாறு முழங்கை வரைக்கும் ஓடுச்சு. போதுமா?

— அடிப்பாவி! ஒரு வாய் எனக்கு வெக்கலையா?

— வெச்சா போயிடுவீங்களே.

— ...கருகுது.

— தெரியும்.

— சரி, சாஸையாவது காப்பாத்து. அதே சட்டியில வெங்காயம் போட்டு, அடியில ஒட்டினதைச் சுரண்டி விடு. ஒரு கரண்டி சூப், கடுகு விழுது கொஞ்சம், ரெண்டு சொட்டு வினிகர்.

— பாட்டிலையே கவுத்துட்டேன்.

— கவுத்தாச்சா? நல்லது. கப்பலுக்கே பெயிண்ட் உரிக்கலாம்.

— சிரிக்க வைக்காதீங்க.

— சிரி. நேத்து துடைச்சு விட்டப்ப என் முதுகுப் புண்ணைப் பாத்தியா?

— பாத்தேன்.

— தொண்டையில சூப்பாவது இறங்குதா?

— இல்ல.

— பத்து நிமிஷம் சேர்ந்தாப்ல தூங்கறேனா?

— இல்ல.

— அப்ப அந்த எமனை யாருக்காக வாசல்ல உக்கார வெச்சிருக்கேன்? எட்டு வாரம்! அவரை விடு, அந்த எருமைக்குக் கால் மரத்துப் போயிருக்காதா?

— எனக்காகத்தான்.

— உனக்காகத்தான். அதான் இத்தனை நாள் முடிஞ்சுது. இனிமே முடியல, டெய்லரம்மா. தட்டைக் கொண்டா.

— கரிக்கட்டைங்க. கத்தி இறங்கல.

— கொண்டா. இப்படிக் கட்டில்ல உக்காரு. அடுத்த வாரத்துக்கு கறிக்கடைக்காரர்கிட்ட சொல்லிட்டியா?

— சொல்லிட்டேன். எலும்போட, தடிமனா ஒண்ணு.

— வேண்டாம்னு சொல்லிடு. அடடடா! இதுல்ல சாப்ஸ்! கேப்டன் மட்டும் இதைத் தின்னிருந்தா கப்பலை உன் பேருக்கு எழுதி வெச்சுட்டு நீந்தியே ஊரு போய்ச் சேர்ந்திருப்பாரு! என்ன பதம், என்ன சாறு! சாஸ் ஒண்ணு போதும், ராஜாங்கம்! பாஸ், டெய்லரம்மா, பாஸ்! நூத்துக்கு நூறு!

— நீங்க இன்னும் வாயிலயே வைக்கலையேங்க.