இடது இறக்கையில் இருவர்

மாலை ஏழரை மணி. பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு ஓய்ந்து, வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம். தீவின் தெற்கே, விமான ஓடுபாதையின் வேலியை ஒட்டி ஒரு சாலை போகும். ஆள் நடமாட்டம் கிடையாது. உடும்பு குறுக்கே ஓடினால் உண்டு... அவ்வளவுதான். சாலை முடிகிற இடத்தில், விமானம் ஓட்டச் சொல்லித் தரும் ஒரு பறக்கும் பள்ளி இருந்தது. இப்போது மூடிவிட்டார்கள். பெயர் வேண்டாம்.

காமினி, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார். நாளைக்குக் கல்யாணத்தை வைத்துக்கொண்டு பேய்க் கதையா என்று உன் அம்மா திட்டுவாள். திட்டட்டும். கேட்டது நீங்கள்தானே, பிள்ளைகளா?

என் தோழி ஜெகதீஸ்வரியின் தம்பி சுகுமாரன் அங்கேதான் வேலை செய்தான். சின்ன விமானங்கள் கொட்டகையிலிருந்து ஓடுபாதை வரை தரையில் ஊர்ந்து போக வேண்டும். இடமோ நெருக்கடி. உள்ளே இருக்கிறவருக்குத் தன் இறக்கையின் நுனி எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியாது. அதனால் இறக்கைக்கு ஒருவராக இரண்டு பேர் கூடவே நடப்பார்கள். வழி சரியென்றால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். ஆபத்து என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே வைப்பார்கள். அவர்கள் கண் இறக்கை நுனியை விட்டு அகலக் கூடாது.

“கெரேத்தா ரிவர்ஸ் எடுக்கிறப்ப பின்னால நிக்கிற ஆள் மாதிரியாக்கா?”

அதேதான் காமினி. அந்த ஆளை நம்பித்தானே காரை எடுக்கிறோம்.

இடது இறக்கை சுகுமாரனுக்கு. வலது, ஹரீஷ் என்பவனுக்கு. ஏழு வருடமாக அப்படித்தான். பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட்டாளிகள் இருவரும். ஹரீஷுக்குத் தாய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் புக்கிட் தெங்காவில் ஜெகதீஸ்வரி வீட்டில்தான் சாப்பாடு. மீன் தலைக்கறி வைத்தால் பெரிய துண்டு அவன் தட்டுக்குப் போகும். அந்தச் சோற்றை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அன்றைக்கும் இதே ஏழரை மணி. பயிற்சி மாணவன் ஒருவன் விமானத்தை நகர்த்துகிறான். சுகுமாரன் விரலைக் காட்டியாயிற்று. நாலு அடி போயிருக்கும்... வலது பக்கம் ஆளே இல்லை. ஹரீஷ் கொட்டகைக்குப் பின்னால் போனில் சிரித்துப் பேசிக்கொண்டு நிற்கிறான். அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு சின்ன விமானம் திரும்பி வருகிறது.

சுகுமாரன் ஓடினான். தன் இறக்கையை விட்டுவிட்டு, கூட்டாளியின் இறக்கையைக் காக்க ஓடினான். கையைக் குறுக்கே வைத்துக் கத்தினான். க்ரீ...ச் என்று இறக்கையோடு இறக்கை உரசியது. வந்த விமானத்தின் முன்விசிறி நிற்கவில்லை.

அதற்கு மேல் வேண்டாம்.

உடல் கிடந்தது வலது பக்கம். அது போதுமாக இருந்தது ஹரீஷுக்கு. விசாரணையில் முதலாளி முன்னால் கண் கலங்கிச் சொன்னான்: “நாங்க எடம் மாத்திக்கிட்டோம் பொஸ். வலது பக்கம் சுகுதான் நின்னான். நான் இடது. அவன்தான் விரலைக் காட்டினான்.” அந்த மாணவனுக்குப் பயத்தில் எதுவும் நினைவில்லை. தவறு செத்தவன் தலையில் விழுந்தது.

கருமாதி அன்று ஜெகதீஸ்வரி ஹரீஷின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு எதுவும் வேணாம் லா. எந்தம்பி மேல தப்பு இல்லன்னு நாலு பேரு முன்னால ஒரு வார்த்தை சொல்லு. நாந்தான் வலதுல நின்னிருக்கணும்னு சொல்லு.” அவன் தரையைப் பார்த்தபடி சட்டையை விடுவித்துக்கொண்டு போய்விட்டான். பாவி.

இனிமேல்தான் கதை. கிட்டே வாருங்கள்.

இடதில் நின்றேன் என்று சொன்னவன் இனி இடதில்தானே நிற்க வேண்டும்? வலதுக்கு அஸ்லான் என்ற பையன் வந்தான். எங்கள் தாமான்தான், நாலு வீடு தள்ளி. ஹரீஷ் பிறகு பயந்துபோய் அவனிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான்; அவன் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும்.

ஒரு சாயங்காலம் ஷாஹிரா என்ற பயிற்சி மாணவி விமானத்திலிருந்து இறங்கி வந்து கேட்டிருக்கிறாள். “அண்ணே, இடது பக்கம் எதுக்கு ரெண்டு பேரு?”

“நான் ஒருத்தன்தான்மா,” என்றான் ஹரீஷ்.

“இல்லண்ணே... பக்கத்துல இன்னொருத்தரு நடந்தாரே. அவரு இறக்கையவே பாக்கல. உங்களையே பாத்துக்கிட்டு வந்தாரு.”

மறுநாள் ஹரீஷுக்கே வாசம் வந்தது. கோடாலித் தைலம். சுகுமாரனுக்குத் தலைவலி வந்தால் நெற்றி பளபளக்கப் பூசிக்கொள்வானே, அதே தைலம். விமான பெட்ரோல் நெடியையும் மீறி... காதோரம். பிறகு சத்தம். இவன் பூட்ஸ் ஒரு ‘டப்’. அதன் பின்னாலேயே இன்னொரு ‘டப்’. இவன் நின்றான். அது கூடுதலாக ஒரு அடி வைத்துவிட்டு நின்றது.

ஒரு வாரம் தாங்கினான். பிறகு அஸ்லானிடம் கெஞ்சி வலது பக்கத்துக்கு மாறினான்.

மாறின அன்றே அது நடந்தது. ஷாஹிராவின் விமானம் நகர்கிறது. வலது பக்கத்திலிருந்து இன்னொன்று வருகிறது. ஹரீஷ் கையைக் குறுக்கே வைத்தான். குதித்தான். தொண்டை கிழியக் கத்தினான். விமானம் நிற்கவில்லை. கடைசி நொடியில் தரையில் விழுந்து படுத்தான். க்ரீ...ச். இறக்கைகள்தான் கிழிந்தன, யாருக்கும் காயமில்லை.

ஷாஹிரா இறங்கி ஓடி வந்தாள். “வலது பக்கம் யாருமே இல்லையே! ஏன் ஆள் வெக்கல?” பளிச்சென்ற மஞ்சள் வேலைச் சட்டையோடு ஹரீஷ் அவள் முன்னால் நிற்கிறான். அவள் அவனைத் தாண்டி அஸ்லானிடம் கேட்கிறாள்.

அன்றிலிருந்து அப்படித்தான், யார் கண்ணிலும் ஹரீஷ் படவில்லை. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் பரிமாறுகிற ஆள் அடுத்த மேசைக்குத்தான் போவான். பொஸ் அவனுக்குப் பதில் வேறு ஆள் எடுத்துவிட்டார். அஸ்லான் கண்ணுக்கு மட்டும் தெரிந்தான். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

என் கண்ணுக்கும் தெரிந்தான்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம். ஜெகதீஸ்வரி வீட்டில் இருந்தேன். நாய் குரைத்தது. எட்டிப் பார்த்தேன். கேட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஹரீஷ். மெலிந்து போயிருந்தான். வாய் அசைந்தது. ‘அக்கா’ என்று உதடு தெரிந்தது... சத்தம் வரவில்லை. அழுதுகொண்டே எதையோ சொன்னான், சொல்லிக்கொண்டே இருந்தான். எதைச் சொல்ல வந்திருப்பான் என்று எனக்குத் தெரியும்.

“ஜெகா... ஹரீஷு வந்து நிக்கிறான்.”

“எங்க?” கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். அப்படி ஒரு ஆசை அவள் முகத்தில். கேட்டுக்குப் போய் அவனுக்கு நேரே நின்று, ரோட்டை இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.

“யாருமே இல்லையே பிரமிளா. ஏன் லா இப்படி விளையாடுற?” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஆனா வருவான் பாரு. எங்கையால சாப்பிட்டவன். ஒரு நாள் வந்து உண்மையச் சொல்லாம போக மாட்டான்.”

சங்கிலியை எடுத்து, கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்களையும் சேர்த்துச் சுற்றிப் பூட்டினாள். உள்ளே வந்து கையைக் கழுவிவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.