பதம் ஏறாத பின்கள்

இந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. காலுக்கடியில் அட்டையை மடித்து வைத்தால் போதும். உங்களுக்கு நேரமிருக்காது, நானே செய்துவிடுகிறேன்.

எங்கள் பட்டறை சின்னது. லிஃப்டின் கயிறு அறுந்தால் பெட்டி விழாமல் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு கிடுக்கி உண்டு. அந்தக் கிடுக்கியைத் தாங்கும் இரும்புப் பின்னைச் செய்து லிஃப்ட் கம்பெனிக்குக் கொடுக்கிறோம். கடைந்த பின்னை உலையில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால்தான் பதம் ஏறும். அது என் அக்காவின் கணவர் பார்க்கும் வேலை.

கம்பெனியில் ஒரு வழக்கம். பல வருடம் குறையில்லாமல் சரக்குக் கொடுத்த சப்ளையருக்குப் பச்சை ஸ்டிக்கர் தருவார்கள். அது ஒட்டிய சரக்குப் பெட்டியை யாரும் சோதிப்பதில்லை, நேராக வேலைக்குப் போய்விடும். அதை வாங்க நான் பட்ட பாடு நாய் படாத பாடு. அந்தக் கம்பெனி கைவிட்டால் பட்டறைக்குப் பூட்டுத்தான், எங்களுக்கு வேறு வாடிக்கை கிடையாது.

அப்படியிருக்கும்போது உலை படுத்துவிட்டது. பர்ச்சேஸ் மேனேஜரிடம் அவகாசம் கேட்டேன்.

“உங்க கஷ்டம் புரியுதுண்ணே. ஆனா லைன் நின்னா என் தலைதான் உருளும். இன்னொருத்தர் சாம்பிளோட வாசல்லயே நிக்கிறார்” என்றார்.

நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. மெருகு போட்டுவிட்டால் பதம் ஏறிய பின்னுக்கும் ஏறாத பின்னுக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பதம் ஏற்றாமலே அனுப்பிவிடுவதென்று முடிவுசெய்தேன். அத்தான் மட்டும் மல்லுக்கு நின்றார்.

“மாப்ளே, இது கதவுத் தாழ்ப்பாள் இல்ல. ஆளுங்க ஏறுற பெட்டி.”

“கயிறு எங்க அத்தான் அறுந்துடப்போகுது? இந்தப் பின்னுக்கு வேலையே வராது” என்றேன். நியாயமாகப் பார்த்தால் அது பொய்யில்லை.

அனுப்புமுன் ஒரு பின்னைப் பட்டறை மேசையின் இடுக்கியில் இறுக்கிச் சுத்தியலால் அடித்துப் பார்த்தேன். மடங்கிவிட்டது. அதைக் குப்பையில் போட்டேன். மற்றவற்றைப் பெட்டிகளில் நிரப்பி, மேலடுக்கில் மட்டும் பழைய நல்ல பின்களை வைத்தேன். சோதிக்கமாட்டார்கள்தான், இருந்தாலும் ஒரு முன்ஜாக்கிரதை.

உலை சீக்கிரமே சரியாகிவிட்டது. ஒரு போன் போட்டிருந்தால் பெட்டிகளைத் திரும்ப வாங்கியிருக்கலாம். போனைக் கையில் எடுத்தேன். என்ன காரணம் சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி லிஃப்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பிய பெண், அவள் புருஷன், குழந்தை. கயிறு அறுந்ததும் கிடுக்கி கவ்வத்தான் செய்தது, அந்தப் பின்தான் தாங்கவில்லை, மூவரும் போய்விட்டார்கள். செய்தி கேட்டு நான் விக்கி விக்கி அழுதேன், ஐயா. நடிப்பில்லை. அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு, அத்தான்தான் பதம் ஏற்ற மறந்திருப்பார் என்று உங்கள் ஆட்களிடம் சொன்னேன். வேலையாள் கவனக்குறைவு என்றால் கம்பெனி பொறுத்துக்கொள்ளும். முதலாளியே செய்தான் என்றால் பொறுக்குமா?

அவரும் மறுத்துப் பேசவில்லை. அக்கா என் சட்டையைப் பிடித்து, “அவர் ஏன் வாயத் திறக்கலன்னு தெரியுமாடா? நீ என் தம்பிங்கிறதால” என்றாள். லாக்கப்பில் அவர் சாப்பிடாமல் கிடக்கிறாராம். அதைக் கேட்டபின் எனக்கும் சோறு இறங்கவில்லை. அவரை விட்டுவிடுங்கள். செய்தது நான். தெரிந்தேதான் செய்தேன்.

மீதிப் பெட்டிகளைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், அந்தப் பின்கள் இன்னும் பல கட்டடங்களில் ஆட்களோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. எல்லா லிஃப்டையும் நிறுத்த உத்தரவு வாங்க நாளாகும் என்கிறீர்கள். நல்ல பெட்டியும் கெட்ட பெட்டியுமாக அனுப்பியிருக்கிறேன், எது எது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொல்லமாட்டேன் என்று சொல்லவில்லையே, நான் என்ன ராட்சசனா? மேனேஜரைக் கூப்பிடுங்கள். இனியும் எங்களிடமே சரக்கு எடுப்போம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிடமே பெட்டி எண்களைச் சொல்லிவிடுகிறேன்.