இடது பக்கம் பேரு, வலது பக்கம் ஊரு

இல்ல சார், அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ரெண்டு மானிட்டரும் நல்லாத் தெரியுதா? தலைமை ஆபீஸ்லேருந்து விசாரணைக்குன்னு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, வாயால சொல்றதவிட கண்ணுலயே காட்டிடறேன். நாலு மணிக்குள்ள முடிச்சுக்கலாம் சார். எம்பொண்ணு ஸ்கூல் விட்டு நேரா இங்கதான் வருவா.

உங்க கையில இருக்கறது நான் முன்னாடி வேலை பாத்த ஆபீஸோட மேனேஜர் எழுதின கடுதாசிதானே? மேனேஜர்னு சொன்னா அவருக்குப் பத்தாது, நாங்க பெரியவர்னுதான் சொல்லுவோம். ட்ரான்ஸ்ஃபர் லிஸ்ட் தாறுமாறாப் போனதுக்கு டைப் பண்ணின பொம்பளைதான் காரணம்னு எழுதியிருப்பாரே? ஓ, ஊழியரின் கவனக்குறைவுன்னு எழுதியிருக்காரா. பரவால்லயே, மரியாதையாத்தான் எழுதியிருக்காரு.

சரி, யாரோட கவனம் குறைஞ்சதுன்னு பாத்துடலாம். மொத்தம் நூத்திப் பன்னெண்டு பேரு. யாரு எந்த ஊருக்குப் போகணும்னு லிஸ்ட். பெரியவருக்கு எழுத்து சின்னதா இருந்தா தெரியாது. கண்ணாடி போட்டா வயசு தெரிஞ்சுடுமாம். இப்ப மட்டும் என்ன, காலேஜ் பையன்னா நெனச்சுக்கிட்டிருக்கோம்? பெருசாக்கு, இன்னும் பெருசாக்குன்னு அவரு சொல்லச் சொல்ல, லிஸ்ட் ஒரு மானிட்டர்ல அடங்கல. இதோ, இப்படி இழுத்து ரெண்டுலயும் விரிச்சு வெச்சேன். இடது பக்கம் வரிசை நம்பரும் பேரும். வலது பக்கம் போக வேண்டிய ஊரும் சேர வேண்டிய தேதியும். நடுவுல ரெண்டு மானிட்டரோட கறுப்பு விளிம்பு.

அவரு என் முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னாரு. பேரெல்லாம் அகர வரிசைல இருந்தா பாக்க லட்சணமா இருக்கும்னாரு. செய்யறேன் சார்னேன். அதுக்குள்ள மவுஸ வாங்கிட்டாரு. வாங்கிட்டாருன்னு மரியாதைக்குச் சொல்றேன், பிடுங்கினாரு. இடது பக்கத்துல பேரு இருக்கற கட்டத்த மட்டும் பிடிச்சு, அடுக்குன்னு ஒரு தட்டு. கம்ப்யூட்டர் என்ன எங்கள மாதிரி வாய மூடிக்கிட்டு இருக்குமா? பக்கத்துல இருக்கறதையும் சேத்து நகத்தவான்னு கேட்டுச்சு. பெரியவருக்கு யாரு கேள்வி கேட்டாலும் பிடிக்காது. வேண்டாம்னு இன்னொரு தட்டு.

அவ்வளவுதான் சார். இடது பக்கம் பேரெல்லாம் இடம் மாறி நல்ல பிள்ளையா வரிசைல நின்னுச்சு. வலது பக்கம் ஊரெல்லாம் இருந்த இடத்துலயே உக்காந்திருந்துச்சு. பாத்தியா எவ்வளவு அழகா இருக்குன்னாரு. அழகுக்கு என்ன கொறச்சல்.

படிச்சுப் பாத்துத்தான் கையெழுத்துப் போட்டாரான்னா கேக்கறீங்க? நீங்க தலைமை ஆபீஸுக்குப் புதுசா சார்?

அப்புறம் நடந்த கூத்து உங்களுக்கே தெரியும். வண்டியே இல்லாத ஆபீஸுக்கு ட்ரைவரப் போட்டாங்க. ஒருத்தருக்கு அவரு ஏற்கெனவே உக்காந்திருக்கற சீட்டுக்கே ட்ரான்ஸ்ஃபர். அவரும் பயண லீவு எடுத்துக்கிட்டு, ஒரு வாரம் கழிச்சு அதே மேசைல வந்து சேந்தாரு. யாராவது மூச்சு விட்டாங்களா? மேல போய்க் கேட்டா இன்னும் தூரமாத் தூக்கி அடிப்பாங்கன்னு பயம். எட்டு மாசம் எல்லாம் ஒழுங்காத்தான் ஓடுச்சு. பெரியவரோட மச்சினன் மட்டும் வீட்டுக்குப் பக்கத்து ஆபீஸக் கேட்டிருந்தாரு, அவரு சேர வேண்டிய தேதி போன மாசந்தான் வந்துச்சு, கடைசி மலை ஊருல போய் விழுந்தாரு. இப்பத்தான் நீங்க வந்திருக்கீங்க. நான் சொல்லல, தேதிய வெச்சுப் பாத்துக்கோங்க. எங்க ஆபீஸ் சரித்திரத்துலயே சிபாரிசு இல்லாம நடந்த ட்ரான்ஸ்ஃபர் அது ஒண்ணுதான் சார், அதுவும் தவறிப்போய் நடந்துடுச்சு.

இப்ப என்ன, பழையபடி சரியான லிஸ்ட்ட எடுத்து எல்லாரையும் மாத்தப் போறீங்களா? எல்லாரையுமா? சரி.

நான் எப்பக் கவனிச்சேன்னு கேக்கறீங்க. டீ ஆறுது, குடிங்க, சொல்றேன்.

அன்னிக்கே சார். பெரியவருக்கு ஒரு போன் வந்துச்சு, வெளிய போனாரு. நான் சும்மா என் பேரத் தேடினேன். எம்பத்தி ஏழாவது வரிசை. எனக்குன்னு எந்த ஊரு போட்டிருந்தாங்கன்னு எனக்குத் தெரியும், நாந்தானே டைப் அடிச்சேன். அந்த ஆபீஸ்லேருந்து இன்னும் ரெண்டு மணி நேரம் தள்ளி ஒரு ஊரு. விரல வெச்சு அந்தக் கறுப்பு விளிம்பத் தாண்டி வலது பக்கம் போய்ப் பாத்தேன். இந்த ஊரு இருந்துச்சு.

எம்பொண்ணோட அப்பாவுக்கு வேலை இங்க, அவளும் அவரோடதான் இருந்தா. எனக்கு வேலை இங்கேருந்து பஸ்ல பதினோரு மணி நேரம் தள்ளி. ஆறு வருஷத்துல ஏழு மனு குடுத்தேன் சார், ஏழும் பரிசீலனைலதான் இருக்கு. மாசத்துக்கு ரெண்டு ஞாயித்துக்கிழம வருவேன். கதவத் திறந்ததும் மத்தவங்க வீட்டுப் பிள்ளைங்கன்னா என்ன வாங்கிட்டு வந்தேன்னு கேக்கும். இவ, எப்பம்மா கெளம்புவேன்னு கேப்பா. செருப்பக் கூடக் கழட்டியிருக்க மாட்டேன்.

பழையபடி ஆக்கறதுக்கு ரெண்டு கீ போதும். விரலையும் கொண்டுபோய் வெச்சேன். அப்புறம் எடுத்துட்டேன். எடுத்து, சேவ் பண்ணிட்டேன்.

எழுதிக்கோங்க, பெரியவர் தப்புப் பண்ணினாரு, நான் தெரிஞ்சே விட்டேன்னு. எந்த இடத்துல கையெழுத்துப் போடணும்?

படில சத்தம் கேக்குது, அவதான். சார், ஒரே ஒரு உதவி. அவ கேட்டா கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்க வந்தேன்னு சொல்லிடுங்க. புதுசா யாராவது பைலோட வந்து உக்காந்தா, என் பக்கம் திரும்பி, எப்பம்மா கெளம்புவேன்னு ஆரம்பிச்சுடுவா.