அப்பா வேஷத்துக்கு ஒரு ஜோடி செருப்பு

டீச்சர்: அய்யோ, அந்த நாற்காலி வேணாம்... அது பிள்ளைங்க உக்கார்றது.

அம்மா: உக்காந்தாச்சு டீச்சர். இனிமே எந்திரிக்கிறதுதான் கஷ்டம்.

டீச்சர்: முழங்கால் ரெண்டும் காதுகிட்ட வந்துச்சுன்னா, இங்க வேலைக்குச் சேர்ந்தாச்சுன்னு அர்த்தம்.

அம்மா: சிரிக்க வைக்காதீங்க. நான் சண்டை போட வந்திருக்கேன்.

டீச்சர்: தெரியும். மருந்துக்கடையில அரை நாள் லீவு சொல்லிட்டு யாராவது சும்மா வருவாங்களா? போடுங்க சண்டைய.

அம்மா: பாப்பா இங்க சேர்ந்து அரை வருஷம் ஆச்சு...

டீச்சர்: ஆச்சு.

அம்மா: ஒரு எழுத்து... ஒரே ஒரு எழுத்து எழுதத் தெரியல. மாடி வீட்டுப் பொண்ணுக்கும் இவ வயசுதான். வேற ஸ்கூல். பேரு எழுதுது, நூறு வரைக்கும் கடகடன்னு ஒப்பிக்குது. இவ என்ன கொண்டு வர்றா? ஷூ நிறைய மண்ணு.

டீச்சர்: அந்த மண்ணுதாங்க இப்ப பாடம்.

அம்மா: நல்ல பாடம்! துவைக்கிறவளுக்குத்தான் பரீட்சை.

டீச்சர்: முதல்ல விரல்ல வலு வரணும். களிமண்ணு பிசையறா, மணி கோக்கறா, கொடியில துணி போட்டு கிளிப்பு மாட்டறா. வலு வந்துட்டா பென்சில் தானா கையில உக்காரும். இப்பவே புடிச்சு அழுத்தினோம்னா... எழுத்து வரும், ஆனா கோணல் மாணலா வரும்.

அம்மா: எங்க கடைக்கு வர்ற டாக்டர் சீட்டப் பாக்கணும் நீங்க. அவங்களுக்கும் எழுதச் சொல்லிக் குடுக்கல, உங்க ஸ்கூல்தான் போல.

டீச்சர்: அது சரி! மாட்டினேன் நான்.

அம்மா: விளையாட்டுக்குச் சொல்லல டீச்சர். மாத்திடலாம்னு இருக்கேன். மாடி வீட்டுப் பொண்ணு போற ஸ்கூலுக்கே.

டீச்சர்: முடிவு பண்ணிட்டீங்களா?

அம்மா: பண்ணிட்டேன்.

டீச்சர்: பாப்பாவோட அப்பா என்ன சொல்றார்?

அம்மா: அவரா... அவரு வேலை அப்படி. ராத்திரி இவ தூங்கினப்புறம் வருவாரு. இவ எந்திரிக்கறதுக்குள்ள கெளம்பிடுவாரு.

டீச்சர்: லீவு நாள்ல?

அம்மா: லீவு நாள்லயும். என்ன, அப்படிப் பாக்கறீங்க?

டீச்சர்: ஒண்ணுமில்ல. அந்தக் கண்ணாடி ஜன்னல் வழியா வகுப்பு மூலையில பாருங்க.

அம்மா: அந்த அட்டைப் பெட்டியா? ஃப்ரிட்ஜ் வந்த பெட்டி மாதிரி இருக்கு.

டீச்சர்: அதேதான். பிள்ளைங்க ஜன்னல், கதவெல்லாம் வெட்டி வீடாக்கிட்டாங்க. இப்ப உங்க பாப்பாதான் அதுக்கு வீட்டுக்காரம்மா.

அம்மா: தனியா இருக்காளே... மத்த பிள்ளைங்க எங்க?

டீச்சர்: வெளிய மணல்ல. இவ யாரையும் உள்ள விடறதில்ல. என்னை மட்டும் ஆட்டத்துல சேத்துக்கிட்டா.

அம்மா: நீங்களும் விளையாடுவீங்களா?

டீச்சர்: சம்பளமே அதுக்குத்தானே! இங்க ஒரு வழக்கம். பிள்ளை என்ன வேஷம் குடுக்குதோ, அத வாங்கிக்கணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது, திருத்தக் கூடாது. நாயா இருந்திருக்கேன், பஸ் கண்டக்டரா இருந்திருக்கேன். ஒரு தடவ காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் ஃப்ரிட்ஜ்.

அம்மா: ஃப்ரிட்ஜா!

டீச்சர்: ஆமா. அவங்க கதவத் தொறக்கறப்ப எல்லாம் நான் 'ஜில்லுனு' நிக்கணும்.

அம்மா: கடவுளே... என் பொண்ணு என்ன வேஷம் குடுத்தா?

டீச்சர்: அப்பா.

அம்மா: அப்பாவா?

டீச்சர்: சரி, அப்பா என்ன பண்ணணும்னு கேட்டேன். "ஒண்ணும் பண்ண வேணாம். நீங்க அப்பா. நீங்க வர வேணாம்"னு சொன்னா.

அம்மா: வர... வேணாமா?

டீச்சர்: செருப்ப மட்டும் கழட்டிக் குடுக்கச் சொன்னா. குடுத்துட்டு, வெறுங்காலோட அந்த அலமாரி ஓரமா நின்னேன். ஆட்டம் முடியற வரைக்கும். இப்ப தினம் அதான். பாருங்க, இப்பவும் என் கால்ல செருப்பு இல்ல.

அம்மா: நான் கவனிக்கவே இல்ல.

டீச்சர்: அங்க நிக்கறப்ப ஒரு மாதிரி இருக்கும்ங்க. உள்ள வீடு, விளக்கு, பேச்சுச் சத்தம்... நம்மள யாரும் கூப்பிட மாட்டாங்க.

அம்மா: செருப்பு எதுக்காம் அவளுக்கு?

டீச்சர்: வாசல்ல வைக்கறா. அப்பறம் பொம்மையத் தட்டித் தூங்க வைக்கறா. "அப்பா வந்துடுவாரு, நீ தூங்கு"ன்னு. பொம்மை தூங்கினதும் சத்தம் போடாம எந்திரிச்சு வந்து, செருப்ப மறுபக்கம் பாக்கற மாதிரி திருப்பி வைக்கறா.

அம்மா: டீச்சர்...

டீச்சர்: காலைல பொம்மைய எழுப்பிக் காட்டறா. "பாத்தியா? அப்பா வந்துட்டுப் போயிருக்காரு. செருப்பு திரும்பியிருக்கு பாரு." தண்ணி தரவா?

அம்மா: பாப்பா தூங்கிட்டிருக்கான்னுதான் நெனச்சேன்.

டீச்சர்: இந்தாங்க. மெதுவா குடிங்க.

அம்மா: அவரு வர்றதே இல்ல டீச்சர். மழை ஆரம்பிக்கறப்ப பெட்டியத் தூக்கிட்டுப் போனவருதான். இப்ப வேற வீடு, வேற ஆளு. என் நம்பர்னா போனே எடுக்கறதில்ல. பழைய செருப்ப மட்டும் வாசல்லயே விட்டுட்டுப் போயிட்டாரு.

டீச்சர்: யாருக்குமே தெரியாதா?

அம்மா: யார்கிட்ட சொல்ல? கடையில டிபன் பாக்ஸத் தொறந்தா, "வீட்டுக்காரருக்கும் இதே கொழம்புதானா?"ம்பாங்க. ஆமான்னுவேன். சிரிப்பேன். ராத்திரி வீட்டுக்கு வந்து, காஞ்ச துண்ட நனைச்சுக் கொடியில போடறேன்... அவரு குளிச்ச மாதிரி. செருப்பத் திருப்பி வைக்கறேன். பேசறதுக்கு ஒரு ஆள் இல்ல. செருப்புகிட்டயா பேச முடியும்?

டீச்சர்: அதனாலதான் ஸ்கூல மாத்தணும்னு...

அம்மா: எழுத்தெல்லாம் சும்மா டீச்சர். வரப்ப வரட்டும். இங்க நீங்க விளையாட விட்டு, பக்கத்துலயே உக்காந்து பாக்கறீங்க. வீட்டு விஷயம் எல்லாம் வெளிய கொட்டிடுவாளோன்னு பயம். அங்கன்னா கையக் கட்டிட்டு, வாயப் பொத்திட்டு உக்காரணும். ஒண்ணும் வெளிய வராது.

டீச்சர்: வெளிய வராது. உள்ளயே இருக்கும். தப்பா சொல்லியிருந்தா மன்னிச்சுக்கங்க.

அம்மா: இல்ல. இன்னும் ஒண்ணு இருக்கு. சொன்னா பைத்தியம்னு நெனைப்பீங்க.

டீச்சர்: ஃப்ரிட்ஜா இருந்தவ நான். சொல்லுங்க.

அம்மா: ஒரு நாள் எனக்கு நல்ல காய்ச்சல். மாத்திரை போட்டுப் படுத்தவ, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன். தாழ்ப்பா கூடப் போடல. துண்டு நனைக்கல. செருப்பத் திருப்பல. காலைல பதறிப் போய் வாசலுக்கு ஓடினா...

டீச்சர்: ஓடினா?

அம்மா: திரும்பியிருந்துச்சு டீச்சர். நான் தொடவே இல்ல. சத்தியமா. கதவத் தொறந்துட்டு தெரு முனை வரைக்கும் ஓடினேன், தலை கூட வாராம. வந்திருக்காரு... என்னைக் காய்ச்சலோட பாத்திருக்காரு, எழுப்ப மனசு வரல போலன்னு... அன்னிலேர்ந்து ராத்திரி தாழ்ப்பா போடறதே இல்ல. மறுபடி வந்து, கதவு பூட்டியிருந்தா திரும்பிப் போயிடுவாருல்ல? ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டீங்க?

டீச்சர்: தூசி.

அம்மா: உங்களுக்கு ஏதோ தெரியுது. பாப்பா ஏதாவது சொன்னாளா?

டீச்சர்: அந்த வீட்டுக்குள்ள சொன்னத நான் வெளிய சொல்ல மாட்டேங்க. பிள்ளை என்னை நம்பித்தான் விளையாடுது.

அம்மா: நான் அவ அம்மா டீச்சர்!

டீச்சர்: அதான் சொல்றேன். நீங்களே அந்த அட்டை வீட்டுக்குள்ள போங்க. நான் சொல்லிக் கேக்கறது வேற, அவ வாயால கேக்கறது வேற. வழக்கம் ஞாபகம் இருக்கட்டும்... குடுத்த வேஷத்த வாங்கிக்கணும். நான் அலமாரிகிட்டயே நிக்கறேன். கை குடுங்க. அந்த நாற்காலி லேசுல விடாது.

அம்மா: பாப்பா... நான் வரலாமா?

பாப்பா: அம்மா! கடை இல்லையா?

அம்மா: லீவு சொல்லிட்டேன்டி. உன் வீட்டப் பாக்கலாம்னு வந்தேன்.

பாப்பா: குனிஞ்சு வா. தலை இடிக்கும். விளையாட வர்றியா?

அம்மா: ம். நான் யாரு?

பாப்பா: நான்தான் அம்மா. நீ... நீ பாப்பா.

அம்மா: சரி. பாப்பா என்ன பண்ணணும்?

பாப்பா: ராத்திரி ஆயிடுச்சு. படு. காலு வெளிய நீட்டிட்டிருக்கு பாரு, மடக்கு. கண்ண மூடு.

அம்மா: மூடிட்டேன்.

பாப்பா: அப்பா வந்துடுவாரு. நீ தூங்கு.

அம்மா: அம்மா...

பாப்பா: என்ன?

அம்மா: அப்பா நெஜமாவே வருவாரா?

பாப்பா: பாப்பா அதெல்லாம் கேக்க மாட்டா. நீ தப்பா விளையாடற.

அம்மா: சரி, சரி. கேக்கல. செருப்ப யாரு திருப்பி வைப்பாங்க?

பாப்பா: அம்மாதான். பாப்பா தூங்கினதுக்கப்புறம். நீ ஒரு கண்ண மட்டும் லேசா தொறந்துக்க... அப்படித்தான். ஆனா தூங்கற மாதிரியே இருக்கணும்.

அம்மா: தெனமுமா?

பாப்பா: தெனமும்.

அம்மா: அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து... மறந்து தூங்கிட்டாங்கன்னா?

பாப்பா: அப்ப பாப்பாதான் எந்திரிச்சுப் போய் திருப்பி வைக்கணும். இல்லன்னா காலைல அம்மா அழும்ல?