இன்றைக்கு மஞ்சுவின் பாடு

தலைமை தாங்கி, எங்கள் தலை நிமிரக் காரணமாக நிற்கும் மகளிர் குழுத் தலைவி, அன்பு அக்கா ரோஸ்மேரி அவர்களே! வலையை வெயிலில் விரித்துவிட்டு, வேலையைத் தள்ளி வைத்துவிட்டு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியவர்களே! நண்டுக் கூடையை இறக்கிய கையோடு பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்த என் தாய்மார்களே! கடைசி வரிசையில் உட்கார்ந்து, "இவன் இன்னா பேசப் போறான்?"னு இப்போதே சிரிக்கிற என் மச்சான் எல்லப்பன் அவர்களே! பசியாவரத்துச் சிங்காரத்தின் பணிவான வணக்கம்.

"சின்னப் பிள்ளைக்கு வீட்டிலேயே படிப்புச் சொல்லித்தர எப்படித் தொடங்குவது? வந்து சொல்லு" என்று அக்கா என்னை அழைத்தார். எதைச் சொல்வேன்? கண்ட பலனைச் சொல்லவா, அடித்த கூத்தைச் சொல்லவா? கூத்தையே சொல்கிறேன். உங்களுக்கு அதுதான் உதவும்.

என் மகள் மஞ்சுவுக்கு ஆறு வயது. போன மழைக்காலத்தில், பிள்ளைகளைப் பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போன படகு காற்றில் சாய்ந்துவிட்டது. எல்லாரும் கரை சேர்ந்தார்கள். என் மகளின் பேச்சு மட்டும் கரை சேரவில்லை. படகைப் பார்த்தாலே அம்மாவின் முந்தானைக்குள் ஒளிவாள். வீட்டுக்கு வெளியே ஒருவரிடமும் வாய் திறக்க மாட்டாள். ஆசிரியை நல்ல மனசுக்காரர். "கொஞ்ச நாள் வீட்லயே சொல்லிக் குடுங்க. ஜூன்ல கூட்டாளிங்களோட வந்து உட்காரட்டும். அதுக்குள்ள வாய்விட்டுப் படிக்க வெச்சுடுங்க" என்றார்.

நான் என்ன செய்தேன்? பொன்னேரிக்குப் போனேன். கரும்பலகை வாங்கினேன், எழுத்துப் படம் வாங்கினேன், பள்ளிக்கூட மணியும் வாங்கினேன்! சிரியுங்கள், சிரியுங்கள். இதற்கே சிரித்தால் எப்படி?

நானும் என் மனைவி மாலதியும் ஆளுக்கொரு நாள் சொல்லித்தருவது என்று முடிவு செய்தோம். முறை வைக்க நமக்கா தெரியாது? ஏரியில் பாடு வைத்துத்தானே பிழைக்கிறோம்? இன்றைக்கு யாருக்குப் பாடோ, அந்த இடம் அவருக்கு. அடுத்தவர் வலை அங்கே விழக் கூடாது. அந்தச் சட்டத்தை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்தேன், புத்திசாலி! என் நாளில் பிள்ளை அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். "இன்னிக்கு என் பாடு! அவளை இன்னாத்துக்குக் கேக்கறே?" என்று பாய்வேன். மாலதியின் நாளில் என்னிடம் வந்தால், "உங்கம்மா பாடு, அங்க போ" என்று துரத்துவேன்.

மூன்று வாரம் போயிற்று. வெளியில் பேசாத பிள்ளை வீட்டிலும் பேச்சைக் குறைத்தாள். மாலதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "மீனுக்குத்தான்யா பாடு. பெத்த புள்ளை கேக்கறதுக்கு ஏதுய்யா பாடு?" என்றாள். கேட்டேனா? ஆம்பிளை அல்லவா, கேட்கவில்லை!

ஒரு நாள் காலை. என் பாடு. மணியை அடித்துவிட்டு மிடுக்காக உட்கார்ந்திருக்கிறேன். என் மகள் வந்தாள். நின்றாள். கேட்டாள்.

"நைனா, என் பாடு என்னிக்கு?"

தாய்மார்களே! ஊரில் எல்லாக் குடும்பத்துக்கும் பாடு உண்டு. படிக்கிற பிள்ளைக்கு ஒரு பாடு வேண்டும் என்று இந்த மடையன் நினைத்தானா? எனக்கு அழுகை வந்துவிட்டது. "இன்னிக்கே உன் பாடுதாம்மா" என்றேன். மணியைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன்.

அவள் கரும்பலகையைக் கேட்டாளா? இல்லை. எழுத்துப் படத்தைக் கேட்டாளா? இல்லை. என் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்துப் போனாள். எந்தப் படகைக் கண்டு நடுங்கினாளோ, அதற்குப் பத்தடி தள்ளி நின்றாள். அதன் முகப்பில் 'அன்னை தேவகி' என்று எழுதியிருக்கும். முதல் எழுத்தைக் காட்டி, "அது இன்னா?" என்றாள். "அ" என்றேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் நெருங்கி அடுத்த எழுத்து. தினம் ஓர் எழுத்து, தினம் ஓரிரண்டு அடி. கடைசி எழுத்தைப் படித்த அன்று அவள் கை படகின்மேல் இருந்தது. கூட வந்திருந்த மாலதி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

தொடங்குவது எப்படி என்றீர்களே அக்கா, இப்படித்தான்! காலையில் அரை மணி போதும். மணி வேண்டாம், மிரட்டல் வேண்டாம். இறால் பிரிக்கும்போது எண்ணச் சொல்லுங்கள். அரிசிப் பையிலும் பஸ் பலகையிலும் எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். கேள்வி வந்தால் கைவேலையோடு கைவேலையாகப் பதில் சொல்லுங்கள். வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளையின் பாடாக விட்டுவிடுங்கள். என்ன மச்சான், "எனக்கே படிக்கத் தெரியாதே"ங்கறியா? புள்ளை பக்கத்துல உட்காரு, நீயும் கத்துக்குவே!

பள்ளி திறக்க இன்னும் நான்கே நாள். வீட்டில் கடகடவென்று படிக்கிறாள். ஆனால் படகு சாய்ந்த நாளிலிருந்து ஊரார் முன்னால் ஒரு சொல் பேசியதில்லை. பேசுவாளா என்று எனக்கும் பயம்தான். இன்று காலையில் ஒரு தாளோடு வந்து, "நைனா, இன்னிக்கு என் பாடு. நன்றியை நான்தான் சொல்வேன்" என்றாள்.

வா கண்ணு. மேலே வா. ஒலிபெருக்கியை நான் தாழ்த்திப் பிடிக்கிறேன். அவசரமில்லை, எல்லாரும் உன் ஊர்க்காரர்கள்தான்.

"வந்த... எல்லாருக்கும்... நன்றி."

கேட்டீர்களா? கேட்டீர்களா ஊராரே! இருங்கள், கை தட்டாதீர்கள், அவள் தாளில் இன்னும் நாலு வரி இருக்கிறது. இந்த இடம் இப்போது அவளுடையது. என் வலையை நான் எடுத்துக்கொள்கிறேன். வணக்கம்.