அச்சடிக்காத ராஜினாமா

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீமுஷ்ணம் பஸ் நின்றிருந்தது. எனக்கு முன் இருக்கையில் நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள்.

“மேரி, நேத்து ஒன்ன கம்ப்யூட்டருக்குள்ள பார்த்தேன்டி. இருவது வயசுல.”

“என்னா சொல்ற செல்வி?”

பீங்கான் கம்பெனிகளுக்கு லேபிள் அடித்துத் தரும் கடையில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். கடை இப்போது செல்வியுடையது என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“கடையில நம்ம பழைய கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் ஏத்துனேன். பாதியில நின்னு ஸ்கிரீனு கறுத்துப் போச்சு. இத்தன வருச வேலையும் போச்சேன்னு அழுதுட்டேன். மெக்கானிக்கு மூணு நாள் போராடி மீட்டுக் குடுத்தாரு. மீட்ட பைலுங்களுக்கு நடுவுல, நீ மொதலாளிக்கு அடிச்ச ராஜினாமா லெட்டரு இருக்குது.”

மேரி செல்வியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“‘செல்வி இல்லாவிட்டால் முதல் வாரமே வேலையை விட்டு நின்றிருப்பேன்’னு எழுதியிருக்க. சொல்லாம கொள்ளாம கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டியேன்னு ஒன்மேல எவ்ளோ கோவமா இருந்தேன்! ஏன்டி அத குடுக்கல?”

“அன்னிக்குப் பார்த்து பிரிண்டரு வேலை செய்யல. மறுநாளே வூட்ல கல்யாணம்னு ஊருக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.”

செல்வி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

“ஒன் வூட்டுல குடுக்கத்தான் கொண்டாந்தேன், பஸ்ஸுலயே ஒன்ன பாத்துட்டேன். கையெழுத்துப் போடு.”

“மொதலாளிதான் போய்ச் சேந்துட்டாரே, யாருகிட்ட குடுப்ப?”

“இப்ப நான்தான மொதலாளி.”

பஸ் குலுங்கிக் கிளம்பியது. மேரி தாளை மடியில் வைத்துக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். செல்வி இன்னொரு முறை முழுதாகப் படித்தாள்.

“இத ஏத்துக்க முடியாதுடி. திங்கக்கெழம வேலைக்கு வந்துடு.”