மாறி நில்லு

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் இவ்வளவு கிட்டே நாற்காலியைப் போட்டிருப்பது எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அதிகாரத்தில் கீழே இருப்பவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்.

வேதியியல் படித்துவிட்டு ரப்பர் பால் கம்பெனி லேபில் சேர்ந்தபோது, மேனேஜர் என் தோளை இடித்துக்கொண்டுதான் பேசுவார். அறை சிறியது என்று நினைத்துக்கொள்வேன். கூட வேலை பார்த்த அஞ்சுவும் ஒட்டித்தான் நிற்பாள். ஒரே பாத்திரத்தில் மதியச் சோறு. அது எனக்குப் பிடித்துமிருந்தது.

ஜூனில் என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள். மற்றவர்கள் விலகி நிற்கத் தொடங்கினார்கள். அஞ்சு மட்டும் பழைய இடத்திலேயே நின்றாள். அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. ஒருநாள் எல்லோர் முன்னாலும் என் தலையைப் பிடித்து முடியை விலக்கிப் பார்த்தாள்.

"என்னட்டி செய்ய?"

"கொம்பு மொளச்சிருக்கான்னு பாக்கேன், அஜிஷா."

லேபே சிரித்தது. நானும் சிரித்தேன். என் நாற்காலிக்குத்தான் அவள் குறி வைத்திருக்கிறாள் என்று அன்றைக்குப் புரிந்தது. பிறகு அவள் மேனேஜரிடம் மெதுவாகப் பேசினால், அது என்னைப் பற்றித்தான்.

செவ்வாய்க்கிழமை மாதிரி எடுக்க, பால் தொட்டிக்கு அவளைக் கூப்பிட்டேன். தரைக்கடியில் இருக்கும் தொட்டி அது. உள்ளே விழுந்தால், பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அம்மோனியாவில் மூச்சு எடுக்க முடியாது.

"பயமாட்டு இருக்குட்டி, ஒன் கூடயே நிக்கேன்" என்று என் தோளோடு வந்து நின்றாள்.

"மாறி நில்லு" என்றேன்.

நீங்கள் மதுரைக்காரர். என் இடத்துக்கு அவளை வரச் சொன்னதாகவும், அப்போது அவள் தொட்டிக்குள் விழுந்துவிட்டதாகவும் எழுதிக்கொண்டீர்கள். நான் தப்பித்ததே பெரிது என்று ஆறுதலும் சொன்னீர்கள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு விலகி நில் என்றுதான் அர்த்தம். அஞ்சுவுக்கு அது தெரியும். அன்றைக்குத்தான் முதல்முறையாக, நான் சொன்னவுடன் பின்னால் நகர்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மேலே இருப்பவர் சொன்னால் யாரும் பார்ப்பதில்லை. மேனேஜர் சொல்லி நானே அப்படி எத்தனையோ முறை நகர்ந்திருக்கிறேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஓரடி இடம்தான், சார்.

தொட்டி திறந்து கிடந்ததற்குக் காவலாளி ஞானையனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அது சரியில்லை. தொட்டியின் சாவி இன்சார்ஜ் கையில்தான் இருக்கும். ஒரு காவலாளிக்கு அந்த அதிகாரம் கிடையாது. அஞ்சுவைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே மூடியைத் திறந்து வைத்தது நான்.